சனிக்கிழமை இல்லாத ஃபைல்

சனிக்கிழமையைக் காணோம். ரெக்ஸிலின் கண்ணைக் கசக்கிக்கொண்டு டயாலிசிஸ் சென்டரின் கம்ப்யூட்டர் ஃபைலை இன்னொரு தடவை பார்த்தாள். வெள்ளிக்கிழமை இருந்தது, வரிசையாக, ஒழுங்காக. அதற்குக் கீழே இன்றைய திங்கள், இன்னும் யாரும் ஒன்றும் எழுதாத வெறும் கட்டங்கள். ஞாயிறு லீவு, சரி. ஆனால் நடுவில் சனிக்கிழமை இல்லை. கிழித்திருந்தால் ஓரத்தில் பிசிறு நிற்கும், அழித்திருந்தால் அழுக்காவது மிஞ்சும். இது அப்படி ஒரு நாளே விடியவில்லை என்பது போல வழுவழுவென்று இருந்தது. பொன்ராஜ் என்று தட்டினாள். பொன்ராஜ் திரையில் வந்தார், லோடு ஆட்டோ டிரைவர், முத்தையாபுரம், திங்கள் புதன் வெள்ளி, முதல் ஷிப்ட், எல்லாம் சரி, ஹெபடைடிஸ் பி என்ற கட்டத்தில் மட்டும் நெகட்டிவ். சனிக்கிழமை அந்தக் கட்டத்தில் பாசிட்டிவ் என்று அவள் போட்டாள். போட்டாளா? போட்டாள். இந்த விரல்தான். லேபில் இருந்து அந்த மூக்கடைத்த குரல்காரி லேண்ட்லைனில் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை எடுத்த ரத்தம், பொன்ராஜ், பி பாசிட்டிவ் வந்திருக்கு, பேப்பர் திங்கள் சாயங்காலம் வரும் என்றாள். ரெக்ஸிலின் ஒரு கையில் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் தட்டினாள், ஒரு கையால் தட்டினதால் எழுத்து பிசகி இரண்டாவது தடவை திருத்தினாள், திருத்தினது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. பொன்ராஜ் அண்ணாச்சிக்குத் தண்ணீர் குடிக்க அளவு உண்டு, தாகம் எடுத்தால் ஐஸ் கட்டியை வாயில் போட்டு ஒதுக்கிக்கொண்டு, "இதுதாம்மா நமக்குக் குத்தால அருவி" என்பார். அவர் இப்போதுதான் எடை மெஷினில் ஏறி இறங்கி அவள் மேஜைக்கு முன்னால் வந்து, "என்ன ரெக்ஸி, இன்னைக்கு எந்தக் கட்டிலு? ஜன்னல் பக்கம்னா வெயில் மூஞ்சில அடிக்கும், பாத்துக்க" என்று கேட்டார். அதைச் சொல்லத்தான் ஃபைலைத் திறந்தாள். ஃபைல் மூன்றாம் கட்டில் என்றது. மூன்றாம் கட்டில் பொது ஹாலில் இருக்கிறது. அவள் வாயும், யாரோ பிடித்து ஆட்டினது போல, "மூணு" என்றது. அவர் போய்விட்டார். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக, வழக்கம் போலக் காலாலேயே நேராக்கி வைத்துவிட்டு உள்ளே போவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கூப்பிட வேண்டும் என்று தோன்றியது. தோன்றினதோடு சரி.

அந்த நோய் இருக்கிறவர்களுக்குத் தனி அறை, தனி மெஷின். பொது மெஷினில் போட்டால் அந்த ரத்தம் ஓடின இடத்தில் நாளைக்கு இன்னொருத்தர் ரத்தம் ஓடும், கழுவினாலும் பயம் பயம்தான் என்று சேர்ந்த அன்றைக்கே டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தார். இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார்: அந்த நோயின் பேரை யாரும் வாயால் சொல்லக் கூடாது. முன்பு ஒரு நர்ஸ் ஹாலில் வைத்துச் சொல்லி, அது நோயாளியின் மாமியார் காதில் விழுந்து, பெரிய ரசாபாசம். அதனால், ஃபைல்ல போடுங்க, பார்க்க வேண்டியவங்க பார்ப்பாங்க, போட்டாச்சுன்னா சொன்ன மாதிரிதான் என்றார். ரெக்ஸிலின் போட்டாள். சொன்ன மாதிரிதான் என்று நினைத்தாள். சனிக்கிழமை டாக்டரம்மா மதுரையில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். ஹாலில் ஊசி போடும் இசக்கி அக்காவிடம் போய்க் காதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போட்டாச்சே. வெள்ளிக்கிழமை அவர் பொது மெஷினில்தான் படுத்தார், அப்போது யாருக்கும் தெரியாது, அது யார் தப்பும் இல்லை. இன்றைக்குத் தெரியும். தெரிந்தது, லேப்காரியை விட்டால், உலகத்திலேயே இந்தத் தலைக்கு மட்டும். இந்தத் தலை பிளஸ் டூவைப் பாதியில் விட்ட தலை, வகுப்பில் உட்கார்ந்தால் குதிகாலில் எறும்பு ஊறுகிறது என்பதைத் தவிர வேறு காரணமே இல்லாமல் விட்ட தலை. அம்மா இன்றைக்கும் கேட்பவர்களிடமெல்லாம் மஞ்சள் காமாலை வந்ததால் நின்றாள் என்றுதான் சொல்கிறாள். மஞ்சள் காமாலை. அட, அதுவும் ஈரல்தான். என்னென்னவோ வந்து என்னென்னவோடு ஒட்டுகிறது. லேபுக்குப் போன் போட்டாள். எங்கேஜ். வைத்துவிட்டு மறுபடி போட்டாள். எங்கேஜ். அந்த டொய்ங் டொய்ங் சத்தம் ஹாலில் மெஷின்கள் போடும் சத்தத்தோடு கலந்து எது எது என்று தெரியவில்லை.

டாக்டரம்மாவின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே திருநெல்வேலியில் இருந்து வந்த கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர், மேனேஜர் செல்வின் சார், டாக்டரம்மா மூன்று பேர். ஃபைலை வைத்துக்கொண்டே காலம் தள்ளுவதா, சர்வர் போடுவதா என்று பேச்சு. கடைசியில் அவளையும் கூப்பிடுவார்கள், தினமும் தட்டுகிறவள் அவள்தானே. என்ன சொல்ல வேண்டும் என்பது காலையில் டீ குடிக்கும்போதே முடிவாகிவிட்டது. "ஃபைல் போதும் மேடம், அவ்வளவுதான் சொல்லு" என்றிருந்தார் செல்வின் சார். "சர்வர் வந்துச்சுன்னா அத மேய்க்க டிகிரி முடிச்ச ஒருத்தன் வருவான். பொறவு நீ எதுக்கு, நான் எதுக்கு?" அவர் சொல்லாவிட்டாலும் அவள் அதைத்தான் சொல்லியிருப்பாள். ஃபைல் அவளுடையது. இந்தச் சென்டரில் மூன்று கம்ப்யூட்டர், ஃபைல் ஒன்று. இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதினால் சில நாள் ஒன்றும் ஆகாது, சில நாள் மொத்தமும் கெட்டு ஆட்கள் பேரெல்லாம் பூச்சி பூச்சியாக நிற்கும். ஒரு தடவை நின்றது. அதற்கப்புறம் வந்ததுதான் கத்துகிற பழக்கம். எழுதப் போகிறவர் "உள்ள இருக்கேன்" என்று கத்த வேண்டும். அதைக் கேட்டவுடன் மற்றவர்கள் கீபோர்டில் இருந்து கையைத் தூக்கிவிட வேண்டும், நிஜமாகவே தூக்க வேண்டும், ஆகாயத்தில், போலீஸ் துப்பாக்கி காட்டினால் தூக்குவது போல. முடித்ததும் "வெளிய வந்துட்டேன்". கை இறங்கும். அவள் சேர்ந்த புதிதில் சிரிப்பாய் வந்தது. இப்போது வீட்டில் சோற்றுப் பானையைத் திறக்கும்போதுகூட வாயில் அதுதான் வருகிறது, தம்பி கேலி பண்ணுகிறான். ஹாலில் கம்ப்யூட்டரே தொடாத ஆயாவுக்குக்கூட இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. சத்தம் கேட்டால் துடைப்பத்தோடு கையைத் தூக்குவாள். படுத்திருக்கிற நோயாளிகளும் ஊசி குத்தாத கையைத் தூக்குவார்கள். பொன்ராஜ் அண்ணாச்சி இரண்டு விரலை மட்டும் தூக்கிவிட்டு, "நம்ம பங்கு இம்புட்டுதான்" என்பார்.

"கத்துவீங்களா?" என்று கம்பெனிக்காரர் உள்ளே கேட்டது காதில் விழுந்தது. சிரிக்காமல் கேட்க முயற்சி பண்ணினார், முடியவில்லை. "கத்துவோம்" என்றார் டாக்டரம்மா, கோபமே இல்லாமல். "மூணு கம்ப்யூட்டருக்கு அது போதுமா இருக்கு தம்பி. சர்வருக்கு ஏசி ரூம் கேப்பீங்க, இன்வெர்ட்டர் கேப்பீங்க." சின்ன சர்வரே போதும், ஏசி வேண்டாம் என்றார் கம்பெனிக்காரர். ஃபைல் என்பது கையில் தூக்கிக்கொண்டு போகிற டிபன் கேரியர் மாதிரி, அது வசதிதான், ஒத்துக்கொள்கிறேன். சர்வர் என்பது அடுக்களை, யாரும் அடுக்களையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், யார் எதை எப்போது போட்டார்கள் என்று அதற்குத் தெரியும். ரெக்ஸிலினுக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை. காலையில் வரும்போதே பிடிக்கவில்லை, ஷூவில் சத்தம் வந்தது. யார் எதை எப்போது போட்டார்கள். அது தெரிந்திருந்தால் இப்போது இந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். பாசிட்டிவ் என்று நான் போட்டேன் என்று அது சொல்லும். அல்லது நீ போடவே இல்லை என்று சொல்லும். அதைச் சொல்லிவிட்டால்? போன மாதம் கோமதி அம்மாவின் போன் நம்பரில் இரண்டு எண்ணை மாற்றிப் போட்டு, யாரோ ஒரு பேக்கரிக்காரரைக் கூப்பிட்டு, நாளைக்கு வெறும் வயிற்றில் வரவும் என்று சொல்லிவிட்டாள். அவரும் சரி என்றார். சென்டரே சிரித்தது. அந்தக் கைதானே இது. திருத்தினது ஞாபகம் இருக்கிறது என்கிறாயே, அது வேறு யாருக்கோ திருத்தினதாக இருந்தால்? லேப்காரி சொன்னது பொன்ராஜா பொன்னையாவா? பொன்னையா என்று இங்கே யாரும் இல்லை. சனிக்கிழமை மழை பெய்ததா? பெய்யவில்லை. பெய்த மாதிரி இருக்கிறது. ஒரு கட்டம் சொல்கிறது, அவள் சொல்கிறாள், இரண்டில் கட்டம் சொல்வதை நம்புவதற்குத்தானே சம்பளம். அவள் மற்றதையும் தேடினாள். சனிக்கிழமை ஷிப்டில் படுத்தவர்கள் எடை, காணோம். ரத்தம் வடிகட்டும் டயலைசர் மாற்றின கணக்கு, காணோம். அன்றைக்கு அவள் மத்தியானம் கொண்டு வந்த புளிச்சோறு, வாசலில் வண்டியை மறித்து நிறுத்தியவனோடு போட்ட சண்டை, இதெல்லாம் ஃபைலில் வராதுதான், ஆனால் இப்போது அவையும் சேர்ந்து போய்விட்டதாகத் தோன்றியது. ஒரு நாள் முழுக்க மூச்சு விட்டிருக்கிறாள், ஒரு துளி சாட்சி இல்லை. ஹாலில் இசக்கி அக்கா மூன்றாம் கட்டில் மெஷினில் டியூபை மாட்டி உப்புத் தண்ணீரை ஓடவிடும் சத்தம், முதலில் களக் களக் என்று, பிறகு சீராக. அது ஓடி முடித்தால் ஊசி.

"கரண்ட் போச்சுன்னா சர்வர் படுத்துரும் மேடம்" என்று செல்வின் சார் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் நல்ல குஷியில் இருந்தார், குரலிலேயே தெரிந்தது. "ஃபைலுன்னா அந்தப் பயமே இல்ல. இந்தா, வெள்ளிக்கிழமை சாயங்காலம் பென் டிரைவுல போட்டு வீட்டுக்குக் கொண்டு போனேன். இன்சூரன்ஸ் ரிப்போர்ட்டு பூராவும் வீட்ல உக்காந்தே முடிச்சேன். காலைல வந்ததும் பழசு மேல தூக்கி வச்சுட்டேன். வேலை முடிஞ்சுது." அவர் கையில் சாவிக்கொத்து குலுங்கியது, வேளாங்கண்ணி மாதா டாலரோடு சேர்த்து அந்தப் பென் டிரைவைக் கட்டி வைத்திருப்பார். பழசு மேல. ரெக்ஸிலினுக்கு முதலில் அது வெறும் சத்தமாகத்தான் கேட்டது. பிறகு ஒவ்வொரு வார்த்தையாக வந்து உட்கார்ந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருந்த ஃபைல் பஸ்ஸில் ஏறி அவர் வீட்டுக்குப் போனது. இங்கே இருந்த ஃபைலில் அவள் சனிக்கிழமை முழுக்கத் தட்டினாள். காலையில் அவர் வீட்டு ஃபைலைக் கொண்டு வந்து இதன் தலையில் வைத்தார். பெயர் ஒன்றுதானே, பழசை மாற்றவா என்று கம்ப்யூட்டர் கேட்டிருக்கும், ஆமாம் என்றிருப்பார். புதுசைப் பழசு என்று நினைத்துப் பழசைப் புதுசு என்று வைத்துவிட்டார். அவர் வெள்ளிக்கிழமை கொண்டு போகிறேன் என்று கத்தினாரா? கத்தியிருந்தாலும் என்ன, வெள்ளிக்கிழமை கத்தினது சனிக்கிழமைக்குக் கேட்காது. இத்தனை நாள் இது யாருக்கும் தோன்றவில்லை. அவர் சொன்னது டாக்டரம்மா காதிலும் கம்பெனிக்காரர் காதிலும் விழுந்தது, இரண்டு பேரும் தலையாட்டியிருப்பார்கள். வெளியே ஒருத்தி மூச்சு நின்று உட்கார்ந்திருப்பது அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் யாருக்கும் தெரியாது. செல்வின் சார் கெட்டவர் இல்லை. அவள் வேலைக்கு வந்த அன்று, சர்டிபிகேட் எங்கே என்று கேட்காமல் தட்டத் தெரியுமா என்று மட்டும் கேட்டவர். இப்போது எழுந்து போய், சார், நீங்கள் ஒரு நாளை அழித்துவிட்டீர்கள் என்றால், அவர் முகம். பிறகு ஃபைல் போச்சு. சர்வர் வரும். டிகிரி முடித்த ஒருத்தன் இந்த நாற்காலியில் உட்காருவான், கொஞ்சம் சாய்த்துப் போட்டுக்கொள்வான். அவள் மறுபடியும் பாத்திமா நகர் வீட்டில் ஜன்னலோரம். அம்மா புதிதாக ஒரு காமாலையைக் கண்டுபிடிப்பாள். சொல்லாமல் இருந்தால்? சாயங்காலம் பேப்பர் வந்துவிடும். சாயங்காலம் பேப்பர் வருவதற்குள் மூன்றாம் கட்டில். அதற்கடுத்து அதே மெஷினில் யார்? பார்த்தாள். கோமதி அம்மா. போன் நம்பர் கோமதி அம்மா. வெறும் வயிற்றுக் கோமதி அம்மா. இல்லை, ஆனால், ஒருவேளை நீ போடவே இல்லை என்றால்? மழை பெய்ததா? மறுபடியும் அதே இடம். செக்கு மாடு கூட நடுவில் நின்று சாணி போடும்.

"பாப்பா." யாரோ மேஜையைத் தட்டினார்கள். "பாப்பா, எம் பேரக் கூப்பிடவே இல்லியே?" வேட்டியை மடித்துக் கட்டின பெரியவர், கையில் மஞ்சள் பை, பையில் இருந்து எட்டிப் பார்க்கும் போர்வை. ரெக்ஸிலின் அவரைப் பார்த்தாள். "உங்க பேரு" என்று கேட்க வாயைத் திறந்தவள் கேட்கவில்லை. தெரியும். தவசிமுத்து. உப்பளத்தில் மேஸ்திரி, மருமகனோடு வந்தார், பிறந்த வருஷம் கேட்டதற்கு, "பெரிய புயல் அடிச்ச வருசம்னு ஆத்தா சொல்லுவா" என்றார், எந்தப் புயல் என்று அவள் தலையைப் பிய்த்துக்கொண்டாள். திங்கள் முதல் வாருங்கள், போர்வை கொண்டு வாருங்கள், உள்ளே குளிரும் என்று அவள்தான் சொன்னாள். சனிக்கிழமை. அவர் பேரைத் தட்டினாள். அப்படி யாரும் இல்லை என்றது ஃபைல். பெரியவர் போர்வையோடு நின்றுகொண்டிருந்தார். "அன்னைக்கு எழுதுனியே பாப்பா, பொயல் வருசம்னு" என்றார், தன்னை நிரூபிக்க வேண்டியவர் தான்தான் என்பது போலக் கொஞ்சம் சங்கடத்தோடு. அவர் இருக்கிறார். வியர்வை வாசனையோடு, காதில் வெள்ளை மயிரோடு, சாகாமல் இருப்பதற்காக வந்து நிற்கிறார், ஃபைலில் இல்லை. அப்படியானால் பொய் சொல்வது ஃபைல். அப்படியானால் சனிக்கிழமை இருந்தது. அப்படியானால் பாசிட்டிவ். "இருங்க தாத்தா" என்று சொல்லி எழுந்தாள். நாற்காலி பின்னால் விழுந்தது.

ஹால் வாசலுக்கு எத்தனை தப்படி என்று தெரியவில்லை. உள்ளே குளிர். மூன்றாம் கட்டிலில் பொன்ராஜ் அண்ணாச்சி படுத்தாகிவிட்டது, சட்டைக் கையை மடித்தாகிவிட்டது, முழங்கைக்கு மேல் கயிறு போல் புடைத்த நரம்பை இசக்கி அக்கா தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னொரு கையில் ஊசி, மூடி கழற்றின ஊசி. "லேசாக் குத்துடி தாயி" என்று அவர் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பக்கத்துக் கட்டிலில் அவர் மனைவி உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள், அந்தக் கட்டிலுக்கு இன்னும் ஆள் வரவில்லை. பேரைச் சொல்லக் கூடாது. நோயைச் சொல்லக் கூடாது. அவர் மனைவிக்கு ஒன்றும் தெரியாது, அவருக்கே தெரியாது. வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்பார்கள். இசக்கி அக்கா என்று கூப்பிட்டால், அடுத்த வார்த்தை எது? ஊசி நரம்பை நோக்கி இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. தொண்டை தனக்குத் தெரிந்த ஒன்றே ஒன்றைத் தானாகவே எடுத்து வீசியது.

"உள்ள இருக்கேன்."

இவ்வளவு பெரிய சத்தம் தனக்குள் இருந்தது அவளுக்கே தெரியாது. கைகள் உயர்ந்தன. ஆயா துடைப்பத்தைத் தூக்கினாள். பொன்ராஜ் அண்ணாச்சி இரண்டு விரலைத் தூக்கினார். அவர் மனைவி ஆரஞ்சோடு தூக்கினாள். இசக்கி அக்கா இரண்டு கையையும் தூக்கினாள், ஊசி மேலே, விளக்குக்குப் பக்கத்தில், நுனி பளபளவென்று. ஹாலின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் செல்வின் சார் கூடச் சாவிக்கொத்தோடு கையைத் தூக்கி நின்றார், மாதா டாலரும் பென் டிரைவும் அவர் காதுக்குப் பக்கத்தில் ஆடின. கம்பெனிக்காரர் மட்டும் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கடைசியில் அவரும் தூக்கினார். மெஷின்கள் மட்டும் தங்கள் பாட்டுக்கு ஓடின.

ரெக்ஸிலின் நடந்து போய் இசக்கி அக்காவின் காதோடு வாயை வைத்துச் சொன்னாள். அக்காவின் கழுத்து விறைத்தது. "ஃபைல்ல அப்படி இல்லியேட்டி" என்றாள், உதடு அசையாமல். "காலைலதான் பாத்தேன்." "ஃபைல்ல சனிக்கிழமையே இல்லக்கா. எங்கிட்ட இருக்கு." அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு தூக்கின கையை இறக்காமலே ஊசிக்கு மூடியைப் போட்டாள். "என்னட்டி, ரெண்டு பொம்பளையளும் என்ன ரகசியம்?" என்றார் அண்ணாச்சி, விரலை இறக்காமல். "மெஷின் சரியில்ல அண்ணாச்சி" என்றாள் அக்கா. அந்தப் பொய் அவ்வளவு மெதுவாக, அவ்வளவு நன்றாக வந்தது.

டாக்டரம்மா வாசலுக்கு வந்து நின்றார், பின்னால் செல்வின் சார், கை இன்னும் மேலே. "என்ன ரெக்ஸி?" என்றார் டாக்டரம்மா. ரெக்ஸிலின் செல்வின் சாரைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, வெளியே மேஜைக்குப் பக்கத்தில் போர்வையைக் கட்டிக்கொண்டு இரண்டு கையையும் அரைகுறையாகத் தூக்கி நிற்கும் பெரியவரைப் பார்த்தார். யார் இவர் என்று முதலில் கண் கேட்டது. பிறகு, தான் வராத சனிக்கிழமை சேர்ந்தவர் என்று புரிந்தது போலக் கேட்பது நின்றுபோனது. சாவிக்கொத்து குலுங்குவதும் நின்றது.

"ஃபைல் போதாது மேடம்" என்றாள் ரெக்ஸிலின். நாற்காலியைச் சாய்த்துப் போட்டு உட்காரப்போகிறவன் ஒரு நொடி கண் முன்னால் வந்து போனான், போகட்டும். "சனிக்கிழமை அதுல இல்ல. லேபுக்கு நீங்களே போன் போடுங்க. எங்கேஜா இருந்தா திரும்பவும் போடுங்க."

"அதுவரைக்கும்?"

எல்லாரும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள், கிடந்தார்கள். வெளிய வந்துட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் இறக்கிவிடுவார்கள், அண்ணாச்சிக்குக் கை வலிக்கும், பாவம், ஆரஞ்சுச் சாறு அவர் மனைவியின் முழங்கை வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது. ரெக்ஸிலின் மூன்றாம் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுவரைக்கும் நான் உள்ளதான் இருக்கேன் மேடம்."